கவுதாரியின் தீனிப்பையில் என்ன இருந்தது

மக்காச்சோளம் முளைத்து மூன்றாம் நாள். விடிந்ததும் வரப்பில் போய் நின்றால், மேற்கு ஓரத்து மூன்று வரிசைகளில் பல் விழுந்த மாதிரி ஆங்காங்கே இடைவெளி. முந்தின நாள் மாலை எல்லாம் இருந்தது. விரல் உயரத்துக்கு, இரண்டு இலை விட்டு, நூல் பிடித்த மாதிரி நின்றது. குனிந்து பார்த்தேன். இடைவெளி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் குழி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் புனல் மாதிரி. பக்கத்திலேயே அடி வெளுத்த குருத்து வாடிக் கிடந்தது. அதன் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய விதையை மட்டும் காணோம்.

"எல்லாம் இந்தக் கவுதாரி வேலை" என்றேன் அம்மாவிடம்.

"நீ கண்ணால பார்த்தியாப்பா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. வேலியோரத்துப் புதரில் தினமும் காலையில் கூவுகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குரல் கேட்ட பறவையின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். அந்த ஒரு கேள்வி என்னை நான்கு பருவமாக விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் பார்த்ததையும் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். தரையில் நடந்து மேயும் காட்டுப் பறவைகளால் தானியத்துக்கு உண்மையில் எவ்வளவு சேதம், எப்போது சேதம், அதே பறவை மீதி நாட்களில் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

மறுநாள் நான்கரைக்கே எழுந்து, பழைய தட்டைப் போருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னால் புதரிலிருந்து ஒரு கவுதாரி வெளியே வந்து, கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கியபடியே அசையாமல் நின்றது. ஆபத்தில்லை என்று தெரிந்தபின் இன்னும் நான்கு வந்தன. ஐந்தும் நேராகப் பயிருக்குப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. வரப்பில் காய்ந்து கிடந்த சாணியைக் காலால் பறித்துப் புரட்டி, அடியிலிருந்த கறையானைக் கொத்தத் தொடங்கின. ஒரு சாணி முடிந்தால் அடுத்த சாணி. கால் மணி நேரத்துக்கு மேல் அதே வேலை.

அப்புறம் ஒன்று வரிசைக்குள் இறங்கியது. ஒரு குருத்தின் பக்கத்தில் இரண்டு முறை கொத்தி மண்ணை ஒதுக்கியது. தண்டை அலகால் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தது. வரவில்லை. மறுபடி கொத்தியது. இரண்டாவது இழுப்பில் வேரோடு வந்தது. தலையை ஒரு உதறு உதறி, விதையைப் பிய்த்து விழுங்கிவிட்டு, குருத்தை அப்படியே போட்டுவிட்டது. ஆக, நான் சொன்னதில் தவறில்லை. கவுதாரி பிடுங்குகிறது.

ஆனால் அந்த ஐந்தும் சேர்ந்து அன்று காலை பிடுங்கியது பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். முந்தின இரவும் காலையும் சேர்ந்து எனக்கு விழுந்த இடைவெளியோ எழுபதுக்கு மேல்.

இரண்டாம் நாள் மயில் வந்தது. ஒரு பெட்டை, அதன் பின்னால் அரைகுறையாக வளர்ந்த இரண்டு குஞ்சுகள். கவுதாரி மாதிரி தயங்கவில்லை. வரிசையைப் பிடித்து நடந்தபடியே ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயின. மயிலுக்கு அலகும் பெரிது, கழுத்தும் நீளம். ஒரே இழுப்புதான். நான் எழுந்து கை தட்டுவதற்குள் முப்பதுக்கு மேல் போய்விட்டது. மூன்றாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது கிழக்கு மூலையில் எலி. நான்காம் நாள், மண்ணை ஒட்டிக் கத்தியால் அறுத்த மாதிரி சாய்ந்து கிடந்த நாற்றுகளின் அடியில் விரலால் தோண்டினேன். வளையம் மாதிரி சுருண்டுகொண்டு ஒரு வெட்டுப்புழு. அதற்குச் சற்றுத் தள்ளி, நாற்று எதுவும் பிடுங்கப்படாமல், மண் மட்டும் கிளறப்பட்டிருந்தது. பக்கத்தில் கவுதாரியின் கால்தடம். அது தேடியது புழுவை.

இந்த நான்கு நாளில் கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. காலையில் வயலுக்குப் போனால் முதலில் குழியைப் பாருங்கள். புனல் மாதிரிக் குழியும், விதை இல்லாத குருத்தும் பக்கத்திலேயே கிடந்தால் பறவை. குழி இருந்து, விதையின் தோலும் கொறித்த தூளும் சிதறிக் கிடந்தால் எலி. மண்ணை ஒட்டி வெட்டுப்பட்டிருந்தால் புழு. இலைநுனி மட்டும் பிய்ந்து, அடி நிலத்தில் நின்றால் மானோ ஆடோ முயலோ மேய்ந்தது. செடி வளர்ந்தபிறகு தட்டையோடு மடங்கி, பாத்தி பாத்தியாகப் படுத்திருந்தால் பன்றி. மயிலால் அப்படி ஒரு பாத்தியைச் சாய்க்க முடியாது. பறவையைப் பகலில் பார்க்கிறோம், மற்றவை இரவில் வந்து போய்விடுகின்றன. கணக்கு முழுக்க பறவையின் பேரில் எழுதப்படுவதற்கு அதுதான் காரணம்.

மக்காச்சோளத்தில் இலை மேய்வதற்கும் நாற்றைப் பிடுங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஐந்தாறு இலை விடும்வரை அதன் வளர்நுனி மண்ணுக்கு அடியிலேயே இருக்கும். மேலே இலையைக் கடித்துவிட்டால் பார்க்க வயிறு எரியும், ஆனால் பெரும்பாலும் உள்ளிருந்து புதுக் குருத்து வந்துவிடும். பிடுங்கினால் கதை முடிந்தது. இன்னொன்று: நெல்லும் கோதுமையும் தூர் கட்டும். பக்கத்தில் ஒன்று போனால் நிற்பவை கூடுதலாகத் தூர் வெடித்து இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். மக்காச்சோளம் அப்படிச் செய்யாது. ஒரு செடி போனால் ஒரு கதிர் போனதுதான், பக்கத்துச் செடியின் கதிர் கொஞ்சம் பெருக்கலாம், அவ்வளவே. அதனால் நெல்லில் பத்து நாற்று போவதும் மக்காச்சோளத்தில் பத்து நாற்று போவதும் ஒரே சேதம் ஆகாது. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பறவைக்கு வேண்டியது குருத்து அல்ல, அதன் அடியில் மிச்சமிருக்கும் விதை. முளைத்த நாற்று முதல் சில நாட்கள் அந்த விதையில் இருக்கும் மாவைத் தின்றுதான் வளர்கிறது. ஏறக்குறைய மூன்று இலை விரியும்போது விதை வெறும் தோலாகிவிடும். அதன்பிறகு பிடுங்கினால் பறவைக்கு லாபமில்லை, விட்டுவிடும். அதாவது விதைத்த நாளிலிருந்து சுமார் இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம். அப்புறம் கதிரில் பால் பிடிக்கும்போதும் முற்றும்போதும் இன்னொரு தடவை வரும். அப்போதும் கவுதாரிக்கும் காடைக்கும் உயரத்தில் இருக்கும் கதிர் எட்டாது. காற்றில் சாய்ந்த பயிரையும் தரையில் உதிர்ந்ததையும்தான் பொறுக்கும். மயிலுக்கு எட்டும். நெல்லுக்குள்ளும் சிறுதானியத்துக்குள்ளும் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பழியும் கோபமும் உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. அதில் என்னை உலுக்கியது ஆஸ்திரேலியாவில் 1932-இல் நடந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்துக் கோதுமை போடச் சொன்னார்கள். அப்புறம் பெருமந்தம் வந்தது, கோதுமை விலை சரிந்தது. அந்த நேரத்தில் குஞ்சு பொரித்து முடித்த ஈமுக்கள் உள்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தன, சுமார் 20,000 என்று கணக்கு. ஈமு பறக்காது. ஆளுயரம் நின்று, நடந்தும் ஓடியும் வரும் பறவை. காடு திருத்திய நிலமும் ஆடுமாடுகளுக்கு வைத்த தண்ணீரும் அவற்றுக்கு வசதியாகப் போயிற்று. கதிரைத் தின்றன, மிதித்தன. வேலியைப் பிய்த்துக்கொண்டு போன இடைவெளியில் முயல்கள் நுழைந்தன. அந்தச் சேதம் தனி.

விவசாயிகள் கேட்டதன் பேரில் அரசு ராணுவத்தை அனுப்பியது. மேஜர் மெரிடித் என்பவர் தலைமையில் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். நவம்பர் தொடக்கத்தில் கேம்பியன் என்ற ஊர்ப்பக்கம் சுடத் தொடங்கினார்கள். ஈமுக்கள் சத்தம் கேட்டதும் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து சிதறின. இடையில் ஒருமுறை நிறுத்தி, மறுபடி தொடங்கி, டிசம்பரில் திரும்பி வந்தபோது மெரிடித் சொன்ன கணக்கு: 9,860 தோட்டாவுக்கு 986 ஈமு. அதற்குப் பிறகும் விவசாயிகள் ராணுவத்தைக் கேட்டார்கள், அரசு மறுத்தது. தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்ததில் 1934-இல் ஆறு மாதத்தில் 57,034 ஈமுக்களுக்குக் காசு வாங்கினார்கள். காலப்போக்கில் விளைச்சலைக் காத்தது நீளமான தடுப்பு வேலிகள்தான்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த விவசாயிகளின் மேல்தான் முதலில் மனசு போனது. போரிலிருந்து வந்து, கடனில் நிலம் திருத்தி, விலை சரிந்து நிற்கும்போது கண் முன்னால் கதிர் போவது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஈமுக்களுக்கோ அது வழக்கமான வலசைப் பாதை. அந்தப் பாதையின் நடுவே புதிதாகத் தண்ணீரையும் தானியத்தையும் வைத்தது மனிதர்கள். இரண்டு பக்கமும் பொய்யில்லை.

அமெரிக்காவில் காட்டு வான்கோழிக் கதை வேறு மாதிரி. வேட்டையாலும் காடழிப்பாலும் பல மாநிலங்களில் அற்றுப்போன பறவை அது. பிடித்துக் கொண்டுபோய் விட்டு, மறுபடி பெருக வைத்தார்கள். பெருகியதும் மக்காச்சோளத்தையும் சோயாவையும் அழிக்கிறது என்ற புகார் வந்தது. இண்டியானாவில் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2000-களின் தொடக்கத்தில் வயல் வயலாகப் போய், செடி செடியாகச் சேதத்தைப் பார்த்து, யார் செய்தது என்று பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட அத்தனையும் ரக்கூன் என்ற, இரவில் திரியும் சிறு காட்டு விலங்கும் மானும் செய்தவை. வான்கோழியின் பங்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பகலில், திறந்தவெளியில், கூட்டமாக நடந்து திரிவதால் அது கண்ணில் பட்டது. ரக்கூன் இரவில் வந்து தட்டையை மடக்கிக் கதிரைத் தின்றுவிட்டுப் போனது. காலையில் உதிர்ந்த மணியைப் பொறுக்க வந்த வான்கோழி மாட்டிக்கொண்டது. என் வரப்பில் நடந்ததுதான் அங்கேயும்.

அதற்காக எல்லாப் பறவையும் நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. விஸ்கான்சினில் சாண்ட்ஹில் பெருங்கொக்கு முளைத்த மக்காச்சோளத்தை உண்மையாகவே காலி செய்கிறது. நீண்ட அலகை மண்ணுக்குள் விட்டு, வரிசை நெடுக விதையை எடுத்துவிடும். அங்கே பாராபூ என்ற ஊரில் 1973-இல் தொடங்கிய சர்வதேசப் பெருங்கொக்கு அறக்கட்டளை இருக்கிறது. கொக்கைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் அமைப்பு, விவசாயியின் சேதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. கூடவே உட்கார்ந்து வழி தேடினார்கள். ஆந்த்ராகுவினோன் என்ற பொருளை விதைக்குப் பூசினால் கொக்கு சாவதில்லை. ஒன்றிரண்டு விதையைத் தின்றதும் அதற்கு வயிறு ஒத்துக்கொள்ளாமல் போகும், பிறகு அந்த விதையைத் தொடாது. முக்கியமான விஷயம் என்னவென்றால், அது வயலை விட்டும் போவதில்லை. அதே வயலில் நடந்து, போன அறுவடையில் சிந்திய மணியையும் புழு பூச்சியையும் தின்கிறது. பறவையை விரட்டினால் பக்கத்து வயலுக்குப் போகும், சேதம் இடம் மாறுமே தவிர குறையாது. தின்னும் பொருளை மாற்றிவிட்டால் இரண்டு வயலும் பிழைக்கும். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இனி தலைப்பில் சொன்ன தீனிப்பை.

இரண்டாவது பருவத்தில் ஒரு காலை, சாலையில் வண்டி அடித்த கவுதாரி ஒன்று எங்கள் வேலிக்கு வெளியே கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கழுத்தின் அடியில் கையை வைத்தேன், உருண்டையாக, ஒரு சின்ன எலுமிச்சைக்கும் குறைவான அளவில் தீனிப்பை. கவுதாரி, மயில், காடை, காட்டுக்கோழி எல்லாம் கண்டதை வேகவேகமாக விழுங்கி இந்தப் பையில் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய் மெல்லச் செரிக்கும் இனம். அரைப்பதற்குப் பல் இல்லாததால் சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்திருக்கும். கழுத்துப் பையில் இருப்பது இன்னும் அரைபடாமல் அப்படியே இருக்கும், என்ன தின்றது என்று அடையாளம் பார்க்கலாம்.

மனசு சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது என்று தோன்றியது. பழைய துணியில் வைத்து, பிளேடால் கீறி, உள்ளே இருந்ததைத் தட்டில் பரப்பித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கடுகைவிடச் சிறியதாகக் கறுப்பும் பழுப்புமாகக் களை விதைகள், எண்ண முடியாத அளவு. புல் விதை, கீரை இனத்துக் களையின் பளபளக்கும் விதை, இன்னும் பெயர் தெரியாத மூன்று வகை. கறையான்கள், சில உடைந்து, சில முழுசாக. வெட்டுக்கிளியின் பின்னங்கால் இரண்டு. ஒரு வண்டின் இறக்கை ஓடு. ஒரு பச்சைப் புழு. மக்காச்சோள மணி நான்கு. அதில் மூன்று, அறுவடையில் உடைந்து சிதறிய அரைமணி. ஒன்று மட்டும் முழு மணி.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். களை விதைக் குவியலை விரல் நுனியால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் முளைச்சிருந்தா நாமதான குனிஞ்சு பறிக்கணும்" என்றார்.

ஒரே ஒரு பறவையின் ஒரு காலை உணவு அது. அதை வைத்து எல்லாக் கவுதாரிக்கும் எல்லா நாளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. விதைத்த வாரத்தில் செத்த பறவையாக இருந்திருந்தால் முழு மணி கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் குஞ்சுகளின் விஷயத்தில் சந்தேகமே இல்லை, இது நன்றாக ஆராயப்பட்டது. இந்த இனத்துக் குஞ்சுகள் பிறந்து முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் பூச்சியை மட்டுமே தின்கின்றன. எலும்பும் இறகும் வளரப் புரதம் வேண்டும், தானியத்தில் அது போதாது. தாய் காலால் கிளறிக் காட்டும், குஞ்சு ஓடிப்போய்க் கொத்தும்.

இங்கிலாந்தில் சாம்பல் கவுதாரி என்று ஒரு பறவை, நம் கவுதாரிக்குத் தூரத்து உறவு. தானிய வயலை நம்பியே வாழ்வது. 1960-களின் பிற்பகுதியில் இருந்ததைப் போல் இன்று பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. ஏன் குறைகிறது என்று பார்க்க டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1968-இல் சசெக்ஸ் குன்றுப்பகுதி வயல்களில் வேலையைத் தொடங்கினார். வளர்ந்த பறவையை விட்டுக் குஞ்சைப் பார்த்தார், குஞ்சுகள் எதைத் தின்னும், அது வயலில் இருக்கிறதா என்று. களைக்கொல்லி அடித்ததும் களை போயிற்று. அந்தக் களையை நம்பியிருந்த பூச்சிகள் போயின. பூச்சி இல்லாமல் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. பறவையின் மேல் யாரும் மருந்து அடிக்கவில்லை, அதன் குஞ்சின் சோற்றை எடுத்துவிட்டார்கள். தானிய வயலின் பூச்சிகளை 1970-இலிருந்து வருஷா வருஷம் அங்கே எண்ணிக்கொண்டே வருகிறார்கள். வயலின் விளிம்பில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு மட்டும் மருந்தைக் குறைத்து விட்டுப் பார்த்ததில் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. பெரிய வயலின் நடுவே புல் முளைத்த மேட்டு வரப்பு விட்டதில் வண்டுகள் குளிர்காலத்தில் அங்கே தங்கி, வசந்தத்தில் பயிருக்குள் இறங்கி, சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்றன. பறவைக்காக விட்ட இடம் பயிருக்கும் வேலை செய்தது.

இதை எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. மூன்றாவது பருவம், விதைப்பு முடிந்த வாரம். எங்கள் நிலத்துக்கு அந்தப் பக்கம், ஓடையோரம், இரண்டு மயிலும் ஏழு கவுதாரியும் செத்துக் கிடந்தன. அலகிலிருந்து நுரை வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் நிறம் ஏறிய தானியம் ஒரு கைப்பிடி. யார் வைத்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்தத் தானியத்தைப் பறவை மட்டும் தின்பதில்லை. செத்ததைத் தின்ற காக்கை சாகும், நாய் சாகும். ஓடைத் தண்ணீரில் எது போகும் என்று யாருக்கும் கையில் பிடி இல்லை. மூன்று நாள் கழித்து ஒரு கீரிப்பிள்ளை கிடந்தது. எலியைப் பிடிக்கும் பிராணி. அந்த வருஷம் எலிச் சேதம் எங்கள் இருவர் நிலத்திலும் கூடுதலாகவே இருந்தது.

விஷம் வைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமலும் இது நடக்கிறது. விதையோடு சேர்த்தே பூசி வரும் பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்பெயினில் செங்கால் கவுதாரிகளுக்கு இமிடாகுளோப்ரிட் பூசிய விதையைக் கொடுத்துப் பார்த்தார்கள், விதைப்புக்குப் பூசும் அளவிலேயே பறவைகள் இறந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அந்த மருந்தையும் அதே இனத்து இன்னும் இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது, முக்கியமாகத் தேனீக்களுக்காக. பூசிய விதைதான் கையில் இருக்கிறது என்றால், ஒன்றே ஒன்று செய்யுங்கள்: மண்ணுக்கு மேலே ஒரு மணிகூடத் தெரியக்கூடாது. டிராக்டர் திரும்பும் ஓரத்தில் கருவியைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் விதை மேலாகச் சிந்தும். வயலின் நடுவில் எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கும், ஓரத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாக மினுங்கும். பறவை முதலில் இறங்குவதும் அதே ஓரத்தில்தான்.

அந்த ஓரம்தான் என் சேதத்துக்கும் வாசல் என்பது எனக்குத் தாமதமாகவே உறைத்தது. மேலே சிந்திய விதையைத் தின்ன வந்த பறவை, அது தீர்ந்ததும் வரிசையின் முதல் குழியைக் கிளறுகிறது. ஒன்று கிடைத்தால் வரிசை நெடுகப் போகிறது. இப்போது விதைப்பு முடிந்ததும் நானும் அம்மாவும் இரண்டு ஓரத்திலும் நடந்து சிந்தியதைப் பொறுக்கி எடுத்துவிடுகிறோம். ஒரு மணி நேர வேலை. ஆழத்தையும் சரிபார்க்கிறேன், நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு மேலே மண்ணை அமுக்கிவிட்டால் கவுதாரிக்குத் தோண்டுவது சலிப்பாகிவிடுகிறது. பக்கத்து நிலக்காரர்களோடு பேசி ஏறக்குறைய ஒரே வாரத்தில் விதைக்கிறோம். ஒருவர் மட்டும் முன்னால் போட்டால் சுற்று வட்டாரத்துப் பறவையெல்லாம் அவர் ஒருவர் நிலத்தில்தான் இறங்கும். எல்லாம் ஒன்றாக முளைத்தால் பங்கு பிரிந்துபோகும்.

அப்புறம் அந்தப் பதினைந்து நாள் காவல். அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. பளபளக்கும் நாடா கட்டினேன், நான்கு நாளில் பழகிவிட்டன. ஒலிப்பெருக்கியில் சத்தம் போட்டேன், அதற்கும் பழகின. ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் பழகவில்லை. விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம், ஒரு ஆள் ஓரமாக நடந்தால் போதும். அதுவும் மூன்று இலை விரியும்வரைதான். விழுந்த பாடுவாசியை முதல் வாரத்திலேயே மறுபடி ஊன்றி நிரப்பிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் புதுச் செடி பெரியதின் நிழலில் நோஞ்சானாக நின்றுவிடும்.

மயில் விஷயத்தில் மட்டும் எனக்கு முழு விடை இல்லை. அது புத்திசாலி, பெரிய பறவை, கூட்டமாக வருகிறது. கதிர் முற்றும்போது இரண்டாம் தடவையும் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. மயிலால் ஒரு ஓரமே போய்விட்டது என்று ஒரு விவசாயி சொன்னால் நான் நம்புகிறேன். அவரிடம் போய்ப் பறவையால் என்ன நன்மை என்று பாடம் எடுக்க மாட்டேன். சட்டம் காக்கும் பறவையின் சேதத்துக்கு இழப்பீடும் சட்டத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். விவசாயியைத் தனியாக விட்டுவிட்டால் ஓடையோரத்தில் மறுபடி நிறம் ஏறிய தானியம்தான் கிடக்கும்.

வேலியை ஒட்டி ஐந்து அடி அகலத்துக்கு இப்போது உழாமல், மருந்து அடிக்காமல் விட்டிருக்கிறேன். புல்லும் துத்தியும் தும்பையும் முளைத்துக் கிடக்கிறது. முதலில் பார்த்தவர்கள் எல்லாம் சோம்பேறித்தனம் என்றார்கள். அந்த ஐந்து அடியில் எனக்குக் குறைந்த விளைச்சல் உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கவுதாரிகள் இப்போது காலையில் அதற்குள்ளேயே அதிக நேரம் இருக்கின்றன.

போன அறுவடையில் இயந்திரக்காரரிடம் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டாம், நடுவிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஸ்காட்லாந்தில் புல் அறுக்கும்போது தரையில் கூடு கட்டும் ஒரு பறவைக்காக இப்படிச் செய்கிறார்கள். வெளியிலிருந்து அறுத்தால் குஞ்சுகள் நடுவில் மிஞ்சும் தீவுக்குள் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் மாட்டிக்கொள்ளும். உள்ளிருந்து அறுத்தால் வேலியை நோக்கி ஓடிவிடும். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் செய்தார். கடைசி இரண்டு வரிசை இருக்கும்போது கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். தட்டையின் அடியில் மண்ணைப் பறித்த பள்ளத்தில், பாலில் காபி கலந்த நிறத்தில் ஏழு முட்டைகள். தாய் பத்தடி தள்ளி ஓடிப் புல்லுக்குள் நின்றது.

"என்னங்க பண்றது?" என்றார்.

ஒரு குச்சி நட்டு, அதில் அவர் தோளில் கிடந்த துண்டையே வாங்கிக் கட்டினேன். சுற்றி நான்கு தட்டைகளை அறுக்காமல் விட்டுவிட்டுப் போனார். பதினோராம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது பள்ளத்தில் ஓடுகள் மட்டும் இருந்தன, ஒவ்வொன்றும் மூடி திறந்த மாதிரி மேல்முனை வட்டமாகக் கழன்று. ஆறு எண்ணினேன். ஏழாவது முட்டை பொரியாமல் குளிர்ந்து கிடந்தது. உழாமல் விட்ட புல்லுக்குள் எங்கேயோ சாணி கிளறும் சத்தம் கேட்டது. துண்டை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டு, அன்று சாயங்காலம் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். எத்தனை பொரித்தது என்றுதான் முதலில் கேட்டார்.